கேட் பாஸுக்காக ஒரு பாலிசி: ஏசி காண்ட்ராக்டர்களும் காப்பீடும்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் ஐ.டி. வளாகத்தில் டக்ட் வேலை எடுத்த ஏசி காண்ட்ராக்டர், ஆட்களை உள்ளே அனுப்பும் முன் வாசலில் இரண்டு தாள்களைக் காட்டியாக வேண்டும். ஒன்று வொர்க் ஆர்டர். மற்றது இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு, அல்லது தொழிலில் எல்லோரும் 'டபிள்யூ.சி. பாலிசி' என்று சொல்லும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. அது இல்லாவிட்டால் கேட் பாஸ் கிடையாது. உடனே ஏஜெண்டுக்குப் போன் போகிறது. "ஆறு பேர், மாசம் பத்தாயிரம் சம்பளம்னு போடுங்க." சாயங்காலத்துக்குள் பாலிசி வாட்ஸப்பில் வந்துவிடும். மறுநாள் காலை உள்ளே போகிறவர்கள் பத்துப் பேர். அவர்களில் பாதிப் பேருக்குச் சம்பளம் பத்தாயிரத்தைவிட எவ்வளவோ அதிகம்.

தமிழ்நாட்டில் ஏசி தொழிலுக்கான காப்பீடு பெரும்பாலும் இப்படித்தான் வாங்கப்படுகிறது. என்னென்ன பாலிசி தேவை என்ற பட்டியலை எந்த ஏஜெண்டும் தந்துவிடுவார். கேட்க வேண்டிய கேள்வி வேறு. பாலிசியில் எழுதியிருப்பதும் மொட்டைமாடியில் நடப்பதும் ஒத்துப்போகின்றனவா? கிளைம் நிற்பதும் விழுவதும் அதைப் பொறுத்தே. இந்தத் தொழிலின் ஆபத்துகள் என்ன, அவற்றுக்கு எந்தக் காப்பீடு எதுவரை கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதை அந்தக் கோணத்தில் இருந்து பார்க்கலாம்.

முதலில் வேலை. மூன்றாவது மாடி சன்ஷேடில் நின்று, இடுப்பில் பெல்ட் இல்லாமல், முப்பது நாற்பது கிலோ எடையுள்ள அவுட்டோர் யூனிட்டைக் கயிறு கட்டி இறக்கும் காட்சியை ஏப்ரல், மே மாதங்களில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். உயரம் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. தெரியாதவை பல. மெயினை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். பழைய ஆர்-22 வாயுவைவிட ஆர்-410ஏ ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் இயங்குகிறது. பழைய கேஜையும் ஹோஸையும் அதில் மாட்டினால் வெடிக்கலாம். லீக் சோதனைக்கு நைட்ரஜன்தான் ஏற்ற வேண்டும். ஆனால் குழாயைப் பற்றவைக்கும் பிரேசிங்குக்கு வைத்திருக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் கையருகே இருப்பதால் அதையே ஏற்றிவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தால் கம்ப்ரசரே வெடிகுண்டாகிவிடும்.

இப்போது வாயுவும் மாறிக்கொண்டிருக்கிறது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்-22 இந்தியாவில் 2030-க்குள் விடைபெற வேண்டும். அதன் இடத்தில் ஆர்-32 பரவலாக வந்துவிட்டது. புவி வெப்பமாதலில் அதன் பங்கு ஆர்-410ஏ-யில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அது லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது. கோத்ரெஜ் நிறுவனம் 2012-இல் அறிமுகப்படுத்திய ஆர்-290 ஏசியில் இருப்பது புரொப்பேன். நம் சமையல் எரிவாயுவில் இருக்கும் அதே சரக்கு. சுற்றுச்சூழலுக்கு நல்லது, கவனமில்லாத மெக்கானிக்குக்கு நல்லதல்ல. பத்தாண்டுகளுக்கு முன் எழுதிக்கொடுத்த தொழில் விவரத்தையே வருடாவருடம் புதுப்பித்து வருகிற காண்ட்ராக்டர், இந்த மாற்றத்தைத் தன் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லியிருக்கிறாரா? பெரும்பாலும் இல்லை.

ஆள் அடிபட்டால் என்ன கணக்கு என்பதை 1923-ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் தீர்மானித்து வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டன. கணக்கிடும் முறை அதேதான். மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்குரிய ஒரு காரணியால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனம் என்றால் சம்பளத்தில் 60 சதவீதத்தைப் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கணக்குக்கு மாதம் 15,000 ரூபாய்தான் உச்சம் என்று 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 25 வயது மெக்கானிக். அந்த வயதுக்குரிய காரணி 216.91. பதினைந்தாயிரமோ அதற்கு மேலோ சம்பளம் வாங்குகிறவர் விழுந்து இறந்தால், 7,500-ஐ அதனால் பெருக்க 16,26,825 ரூபாய் வரும். உயிர் பிழைத்து, இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்ற நிலை வந்தால் 19,52,190 ரூபாய். பாலிசியில் சம்பளம் பத்தாயிரம் என்று எழுதியிருந்தால்? அதே மரணத்துக்கு 10,84,550 ரூபாயோடு தன் பொறுப்பு முடிந்தது என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடும். மீதி ஐந்தரை லட்சத்துக்கு அருகில் காண்ட்ராக்டர் தலையில். பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது இதற்கு முன் சொற்பமே.

ஆள் எண்ணிக்கையிலும் இதே கதை. ஆறு பேருக்குப் பிரீமியம் கட்டிவிட்டுப் பத்துப் பேரை ஏற்றினால், அடிபட்டவர் அந்த ஆறு பேரில் ஒருவரா என்பதில் தகராறு தொடங்கும். வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் சர்வேயரோ புலனாய்வாளரோ கேட்பார். கையில் காசு கொடுத்து வேலை வாங்கும் தொழிலில் இவை எங்கே இருக்கும்?

இன்னும் இரண்டு நுணுக்கங்கள் கிளைம் வந்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகின்றன. ஒன்று மருத்துவச் செலவு. 2009-இல் வந்த திருத்தத்தின்படி, வேலையில் அடிபட்டவரின் சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவை முதலாளி திருப்பித் தந்தாக வேண்டும். ஆனால் சாதாரண டபிள்யூ.சி. பாலிசியில் இது தானாகச் சேராது. கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாகச் சேர்க்க வேண்டும். அதற்கும் ஆளுக்கு இவ்வளவு என்று உச்ச வரம்பு போடுவார்கள். இரண்டாம் மாடியிலிருந்து விழுந்தவர் உயிர் பிழைத்தால் முதலில் கழுத்தை நெரிப்பது ஆஸ்பத்திரி பில்தான், இழப்பீடு பிறகுதான் வரும். ஆகவே பாலிசியில் முதலில் பார்க்க வேண்டிய வரி இதுவே என்பேன்.

மற்றொன்று தாமதம். இழப்பீடு செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. தக்க காரணமில்லாத தாமதம் என்றால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதம். அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் சுமக்க வேண்டியதில்லை, அது முதலாளியின் தவறுக்கானது என்று 1997-இல் வேத் பிரகாஷ் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வட்டியையும் பாலிசி ஒப்பந்தத்தின் மூலம் விலக்கிவைக்கலாம் என்று 2006-இல் இன்னொரு வழக்கில் சொன்னது. ஆக, "பாலிசி இருக்கு, அவங்க பாத்துப்பாங்க" என்று இழப்பீட்டை இழுத்தடிக்கும் காண்ட்ராக்டர், தன் சொந்தப் பணத்துக்குத்தான் வேட்டு வைத்துக்கொள்கிறார். இவை போக, புதிய சட்டத்தொகுப்பில் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பிருந்தால், வேலையில் நடந்ததாகவே கொள்ளப்படும். டூல் பையும் கேஸ் சிலிண்டருமாக நாள் முழுக்க பைக்கில் சுற்றுகிற தொழிலுக்கு இது பெரிய மாற்றம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் இ.எஸ்.ஐ.யின் கீழ் வருவார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்ட வேண்டும். சிகிச்சை, ஊனம், குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவி எல்லாம் அதில் அடக்கம் என்பதால், அதில் பதிவானவர்களுக்கு டபிள்யூ.சி. தேவைப்படாது. சின்ன காண்ட்ராக்டர்கள் இதைத் தொல்லை என்று ஒதுக்குகிறார்கள். ஆட்களை எட்டு, ஒன்பதிலேயே நிறுத்திக் கணக்குக் காட்டுகிறார்கள். என் பார்வையில் இ.எஸ்.ஐ.யே இரண்டில் உறுதியானது.

இந்தக் கணக்கில் சிக்காத ஓர் ஆள் இருக்கிறார். ஏசி வாங்கியவர் கம்பெனிக்குப் போன் செய்கிறார். கம்பெனி அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு வேலையைத் தள்ளுகிறது. சீசன் நெருக்கடியில் சர்வீஸ் சென்டர், யூனிட்டுக்கு இவ்வளவு என்று பேசி ஒரு லேபர் டீமிடம் கொடுக்கிறது. டீம்காரர் ஊரிலிருந்து அழைத்துவந்த பையன் ஒருவன் சன்ஷேடில் இறங்குகிறான். அவன் விழுந்தால் முதலாளி யார்? தன் தொழிலின் பகுதியான வேலையைக் காண்ட்ராக்ட் விட்டவர், அந்தக் காண்ட்ராக்டரின் ஆளுக்கும் இழப்பீடு தர வேண்டும், பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது சட்டத்தின் நிலை. ஆனால் சர்வீஸ் சென்டரின் பாலிசியில் சப்-காண்ட்ராக்டரின் ஆட்களும் சேர்க்கப்பட்டிருந்தால் ஒழிய, காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. ஒரு வரி எண்டார்ஸ்மென்டில் (பாலிசியில் சேர்க்கும் திருத்தக் குறிப்பில்) அடங்கும் விஷயம் இது. கேட்பவர்கள் குறைவு.

முதலாளியே ஏணியில் ஏறுகிற கடைகள்தான் இந்தத் தொழிலில் அதிகம். அவர் தனக்குத் தானே தொழிலாளி ஆக முடியாது என்பதால் டபிள்யூ.சி. பாலிசியில் அவருக்கு இடமில்லை. வருடம் 20 ரூபாயில் 2 லட்சம் தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா பெரும்பாலோர் எடுக்கக் கூடியது. ஆனால் குடும்பம் இரண்டு லட்சத்தில் எத்தனை நாள் ஓடும்? தொழில் இன்னதென்று மறைக்காமல் எழுதி எடுத்த தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று அவருக்குத் தனியாக வேண்டும். 'வியாபாரம்' என்று மட்டும் எழுதிவிட்டு ஏணியில் ஏறுவது பின்னால் வம்பு.

அடுத்தது, நம் ஆள் அல்லாத மற்றவர்களுக்கு நேரும் கேடு. 2024 ஆகஸ்டில் டெல்லி கரோல் பாக் அருகே தெருவில் இருந்த 18 வயது இளைஞர் மீது மாடியிலிருந்து அவுட்டோர் யூனிட் ஒன்று விழுந்து அவர் இறந்தார். கண்காணிப்புக் கேமராக் காட்சி நாடெங்கும் பரவியது. பார்த்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தார்கள் சில நாள். இத்தகைய விபத்தில் ஸ்டாண்ட் துருப்பிடித்ததா, சுவரில் அடித்த போல்ட் போதவில்லையா, வீட்டுக்காரர் கவனிக்கவில்லையா, கடைசியாக சர்வீஸ் செய்தவர் பார்த்தும் சொல்லவில்லையா என்று விரல் பல பக்கம் நீளும். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்தவர் மீதும் ஒரு விரல் நீளாமல் இராது.

இதற்கானது பொதுப் பொறுப்புக் காப்பீடு. பெரிய வொர்க் ஆர்டர்களில் சி.ஜி.எல். என்று கேட்பது இதைத்தான். போபால் விபத்துக்குப் பிறகு 1991-இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் ஆபத்தான ரசாயனங்களைப் பெருமளவில் கையாளுகிறவர்களுக்கானது; நாலைந்து சிலிண்டர் வைத்திருக்கும் ஏசி கடை பெரும்பாலும் அதில் வராது. எனவே ஏசி கடைக்காரர்களைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆஸ்பத்திரி, மால், ஐ.டி. வளாகம் கேட்டால் எடுப்பார்கள். தெருவில் வீட்டு வேலை செய்கிறவர்களிடம் இருப்பதில்லை. தெருவில்தானே மனிதர்கள் நடக்கிறார்கள்.

இந்தப் பாலிசியின் விலக்குகளை நிதானமாகப் படிக்க வேண்டும். டிரெயின் பைப் வாட்டம் தவறி, தண்ணீர் தேங்கி, வாடிக்கையாளரின் ஃபால்ஸ் சீலிங்கும் மரத்தரையும் ஊறிப்போனால் அவற்றுக்குப் பணம் கிடைக்கும். தப்பாகப் போட்ட பைப்பை மாற்றிப் போடும் செலவு காண்ட்ராக்டருடையது. சொந்த வேலையின் குறையை இந்தக் காப்பீடு சரிசெய்து தராது. ரிப்பேருக்கென்று கடைக்குக் கொண்டுவந்த வாடிக்கையாளரின் பொருளும் பொதுவாக இதில் சேராது. பிரேசிங் போன்ற நெருப்பு வேலைக்கும் உயரத்தில் செய்யும் வேலைக்கும் சில பாலிசிகளில் நிபந்தனையோ வரம்போ இருக்கும். ஏசி காண்ட்ராக்டருக்கு உயர வேலையை விலக்கிய பாலிசியை விற்பதைப் போன்ற வேடிக்கை வேறில்லை. ஆனாலும் அது விற்கப்படுகிறது, வாங்கப்படுகிறது.

வேலை முடித்துக் கொடுத்த பிறகு வரும் கேடு சேர்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். இன்று மாட்டிய யூனிட்டின் தளர்ந்த ஒயர் எட்டு மாதம் கழித்துத் தீப்பிடிக்கலாம். இழப்பீடு கேட்கும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும் என்று சொல்லும் வகை உண்டு. அதை ஒரு வருடம் புதுப்பிக்காமல் விட்டாலும் பழைய வேலைகளுக்கான பாதுகாப்பு அறுந்துபோகும். மாசுபாடும் கிருமியும் பல பாலிசிகளில் வெளியே நிற்பவை. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் ராணுவத்தினர் மாநாடு நடந்த ஓட்டலில் பரவிய லீஜனேர்ஸ் நோய் ஏறத்தாழ முப்பது பேரைக் கொன்றது. குளிர்சாதன அமைப்பின் நீரில் வளரும் பாக்டீரியா உலகத்துக்கு அறிமுகமானது அதன் மூலம்தான். கூலிங் டவர் பராமரிக்கிறவர்கள் இந்த விலக்கைக் குறிப்பாகக் கேட்டுத் தெளிய வேண்டும்.

அமெரிக்கா என்றதும் இன்னொன்று. அங்கே டார்கெட் என்ற கடைத்தொடரிலிருந்து 2013-இல் நாலு கோடி வங்கி அட்டைகளின் விவரம் திருடப்பட்டது. திருடர்கள் நுழைந்த வழி, அந்தக் கடைகளுக்குக் குளிர்பதன வேலை செய்த ஒரு காண்ட்ராக்டரின் கணினிக் கணக்கு. கட்டட மேலாண்மை மென்பொருளில் லாகின் வாங்கி வைத்திருக்கும் நம் ஊர் வி.ஆர்.எஃப். (பெரிய கட்டடங்களுக்கான மைய ஏசி) காண்ட்ராக்டர்களுக்கு இது அந்நியச் செய்தி இல்லை; இத்தகைய கேடு தங்கள் பாலிசியில் சேருமா என்று அவர்களும் கேட்டுவைக்க வேண்டும்.

பொருள் இழப்புக்கு வருவோம். ஓர் அடுக்ககத்தில் ஐம்பது வீட்டுக்குக் காப்பர் பைப் இழுக்கும் வேலை. காயில்களைத் தரைத்தளத்தில் கதவில்லாத அறையில் அடுக்கிவைத்தார்கள்; ஒரு ராத்திரியில் காணோம். கடைக்கு எடுத்த பர்க்ளரி பாலிசியை நீட்டினால் இரண்டு இடத்தில் இடிக்கும். பாலிசியில் எழுதிய முகவரி கடை, சைட் இல்லை. பூட்டு உடைக்கப்படவும் இல்லை. வலுக்கட்டாயமாக நுழைந்தால்தான் அந்தப் பாலிசியின்படி பர்க்ளரி, வெறும் திருட்டு அதில் வராது என்று ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சைட்டில் இருக்கும் பொருளுக்கும் நிறுவும் வேலைக்கும் உரியது எரெக்‌ஷன் ஆல் ரிஸ்க் பாலிசி. சில்லர், வி.ஆர்.எஃப். போன்ற பெரிய வேலைகளில் சோதனை ஓட்டத்தில்தான் விபத்து அதிகம். பாலிசியில் அதற்கு எத்தனை வாரம் என்று பார்க்க வேண்டும். பழைய சில்லரை வாங்கி நிறுவுகிறவர் கவனிக்க: பழைய இயந்திரத்துக்கு, சோதனை ஓட்டம் தொடங்கிய கணமே பாதுகாப்பு முடிந்துவிடும்.

கடைக்கும் கிடங்குக்கும் 2021 ஏப்ரல் முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற எளிய பாலிசி வந்திருக்கிறது. ஐந்து கோடி ரூபாய் வரையிலான சொத்துக்கு. தீயும் வெள்ளமும் சேர்த்தி. 20 லட்சம் சரக்கை 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 4 லட்சம் நஷ்டத்துக்கு 2 லட்சம்தான் தருவார்கள் என்பது பழைய விதி. இந்தப் பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறை மன்னிக்கப்படுகிறது. ஏசி கடைக்காரருக்கு ஒரு சிக்கல் உண்டு: ஜனவரியில் இருக்கும் சரக்கும் ஏப்ரலில் இருக்கும் சரக்கும் ஒன்றல்ல. உச்ச சீசனின் மதிப்பை எழுத வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கிளைம் மறுக்கப்பட்டால் வழி இல்லாமல் இல்லை. தனி உரிமையாளர் தொழில்களும் குறுந்தொழில்களும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; சென்னையில் அலுவலகம் உண்டு, கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. நிறுவனத்தின் மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். வியாபாரத்துக்காகக் காப்பீடு எடுத்தவரும் நுகர்வோரே என்று 2023-இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்திருக்கிறது. ஆனால் பிரீமியம் போய்ச் சேராமல் பாலிசி உயிர்பெறாது என்கிறது 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவு. ஏஜெண்டிடம் "அப்புறம் தர்றேன்" என்று சொன்ன நாட்களுக்கு எந்தக் கதவும் திறக்காது.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் வாங்கச் சின்னக் காண்ட்ராக்டருக்கு முடியாது. என் தீர்ப்பில் ஆட்களுக்கான காப்பீடு முதலில், மருத்துவச் செலவோடு சேர்த்து. நான்கைந்து பேருக்கான ஓராண்டு பிரீமியம் பெரும்பாலும் ஒரு ஸ்பிளிட் ஏசியின் விலையைத் தாண்டாது. அதன்பின், உயர வேலையை விலக்காத பொதுப் பொறுப்புக் காப்பீடு. சரக்குக்கும் கருவிக்கும் உரியவை மூன்றாவதாக வரலாம். போன செம்பை மறுபடி வாங்கிவிடலாம்.

சீசன் தொடங்கும் முன், மொபைலில் கிடக்கும் அந்த வாட்ஸப் பாலிசியைத் திறந்து, ஆள் எண்ணிக்கை, சம்பளம், சப்-காண்ட்ராக்டர், உயரம் இந்த நான்கும் உண்மையா என்று காண்ட்ராக்டர்கள் பார்க்கட்டும். இல்லையென்றால் அன்றே எண்டார்ஸ்மென்ட் கேட்கட்டும். கேட் பாஸ் கொடுக்கும் வளாக நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பாலிசி எண்ணைக் குறித்துக்கொள்வதோடு விடாமல், பாலிசியில் உள்ள ஆட்களின் எண்ணிக்கையையும் வாசலில் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கையையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.